ஆறு அறை, ஐந்து தோட்டா

கேள்வி: ஐயா, என் மாமனார் போன வருஷம் காலமானார். அவர் அமெரிக்கர். அவருடைய ரிவால்வர் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. ரூகர் கம்பெனியின் பிளாக்ஹாக், 357 மேக்னம். 1968-ல் வாங்கிய ரசீதும் பெட்டியிலேயே இருக்கிறது. கைப்பிடியின் அடியில் மரம் தேய்ந்திருக்கிறது, குழல் முனையில் கருநீல நிறம் போய் வெள்ளி தெரிகிறது. இந்த வகைத் துப்பாக்கி கீழே விழுந்தால் தானாகவே வெடித்துவிடும், கம்பெனிக்கு அனுப்பினால் உள்ளே பாகங்களை மாற்றிப் பாதுகாப்பாக்கித் தருவார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். என் கணவரோ, "அப்பா கை பட்டதை மாற்ற வேண்டாம்" என்கிறார். மாற்றினால் மதிப்புப் போய்விடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். 24 வயது மகனுக்குத் தாத்தாவின் துப்பாக்கியில் சுடப் பழக வேண்டும் என்று ஆசை. எனக்கு அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. மாற்றலாமா, வேண்டாமா? இன்னொன்று. பெட்டிக்குள் சின்னத் தகர டப்பாவில் ஐந்து தோட்டாக்கள் இருந்தன. ஆறு போடும் துப்பாக்கிதானே, ஆறாவது எங்கே என்று எல்லோருக்கும் குழப்பம்.
– வாசகி, அமெரிக்கா

பதில்: சகோதரி, நீங்கள் போகிற போக்கில் கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பெரிய கேள்விக்கான விடையும் அந்தத் தகர டப்பாவுக்குள்தான் இருக்கிறது.

ஆறாவது தோட்டா தொலைந்திருக்காது என்பது என் அனுமானம். உங்கள் மாமனார் ஆறாவதைப் போடும் வழக்கமே இல்லாதவராக இருந்திருப்பார். பழைய ஒற்றை இயக்க ரிவால்வரை, அதாவது ஒவ்வொரு முறையும் பின்னாலிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துச் சுட வேண்டியதை, விவரம் தெரிந்து வைத்திருந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான். ஐந்து அறையில் தோட்டா, ஓர் அறை காலி. அந்தக் காலி அறைக்கு நேராகத்தான் சுத்தியல் இறங்கி நிற்க வேண்டும். 1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி காலத்திலிருந்து தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இது. ஒன்று போடு, ஒன்று விடு, நான்கு போடு, சுத்தியலை முழுக்க இழுத்து மெல்ல இறக்கு என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். வரிசையாகச் செய்தால் காலி அறை சரியாகச் சுத்தியலுக்கு நேரே வந்து நிற்கும்.

இதை நம்பி இன்று ராத்திரியே துப்பாக்கியைக் கையில் எடுத்துவிடாதீர்கள். டப்பாவில் ஐந்து இருந்தால் துப்பாக்கிக்குள் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. உள்ளே காலியா என்று பார்த்தீர்களா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. கடிதத்தைப் படித்ததும் என் மனசு அங்கேதான் போய் நின்றது. பார்க்கும்வரை அது நிரப்பிய துப்பாக்கிதான். பூட்டி வையுங்கள். பழகிய ஒருவரை, முடிந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கை, வரவழைத்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இந்த வகையில் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி, வலப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, உருளையை ஒவ்வோர் அறையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆறையும் பார்க்க வேண்டும். பார்த்து முடித்துச் சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து இறக்கும்போதுதான் பழகாத கை வழுக்கும். அதனால்தான் உங்களையோ மகனையோ செய்யச் சொல்லவில்லை.

இனி, அது ஏன் விழுந்தால் வெடிக்கும் என்பது. தோட்டாவின் அடிப்பக்கம் நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு வட்டம் தெரியும். அதுதான் பிரைமர். அதில் அடி விழுந்தால் மருந்து பற்றும். உங்கள் துப்பாக்கியில் சுத்தியல் முழுக்க இறங்கியிருக்கும்போது அதன் முகம் ஃபயரிங் பின்னை, அதாவது பிரைமரைக் குத்தும் ஊசியை, தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தப் பின்னுக்கு அந்தப் பக்கம் பிரைமர். மூன்றுக்கும் நடுவே இடைவெளி என்று ஒன்றுமே கிடையாது. துப்பாக்கி நழுவிச் சுத்தியலின் வால் தரையில் மோதினால், அந்த அடி நேராகப் பிரைமருக்குப் போய்விடும். விசையை யாரும் தொட வேண்டியதே இல்லை. (எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் சுத்தியலைக் 'குதிரை' என்பார்கள். நல்ல பெயர். உதைக்கக் காத்துக்கொண்டிருக்கும் பிராணிதான் அது.)

"பாதுகாப்புக் காடி இருக்கிறதே" என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். சுத்தியலைக் கொஞ்சமே இழுத்தால் ஒரு கிளிக் கேட்கும், அங்கே அது நின்றுகொள்ளும். அந்த இடத்தில், சுத்தியலில் வெட்டிய பள்ளமான காடிக்குள் நுழைந்து, சுத்தியலை மொத்தமும் தாங்குவது விசையின் மெல்லிய நுனி. நகக்கண் அளவு எஃகு. பலமாக விழுந்தால் அந்த நுனி உடையலாம், காடியின் விளிம்பும் உடையலாம். அப்படி உடைந்த விசைகளை என் பட்டறையில் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உடைந்த இடம் சர்க்கரைக் கட்டியை ஒடித்த மாதிரி பொருபொருவென்று இருக்கும். அதை நம்பி ஆறு தோட்டா போடுவது கூடவே கூடாது.

தொழிலுக்கு வந்த நான்காவது வருஷம், ஒருவர் வீட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். காலையில் அவர் நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பு உறையிலிருந்து ரிவால்வர் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்திருக்கிறது. குண்டு கெண்டைக்கால் சதையைத் துளைத்துக்கொண்டு போய்க் கதவு நிலையில் புதைந்திருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். துப்பாக்கியைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள், பார்த்தேன். சுத்தியல் வாலில் சிமெண்டுத் துகள் ஒட்டியிருந்தது. மற்றபடி துப்பாக்கியில் எந்தப் பழுதும் இல்லை. அது செய்யப்பட்டபடியேதான் வேலை செய்திருந்தது. கதவு நிலையிலிருந்து குண்டை நோண்டி எடுத்தபோது, அதே உயரத்தில் அவருடைய சின்ன மகள் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு கிடையாது.

ஒரு கம்பெனியின் குறையாக இதை நினைக்க வேண்டாம். 1944-ன் கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் இரும்புத் தளத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ரிவால்வர் ஒன்று விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். சுத்தியலைத் தடுக்க அதில் ஏற்கெனவே ஒரு தடுப்பு இருந்தது. அது போதவில்லை. போர் நடந்துகொண்டிருந்த சமயம், இருந்தும் கம்பெனி அவசர அவசரமாகத் தடுப்பைத் திருத்தியது. அதற்குப் பிறகு செய்தவற்றின் வரிசை எண்ணில் 'வி' எழுத்தோடு 'எஸ்' எழுத்தையும் சேர்த்தார்கள். இதே சிக்கலுக்கு வேறொரு வழியும் வெகுநாளாக இருந்தது. ஐவர் ஜான்சன் என்ற கம்பெனி, "சுத்தியலைச் சுத்தியலால் அடித்துப் பாருங்கள்" என்றே விளம்பரம் செய்து விற்றது. அதில் இருந்தது டிரான்ஸ்ஃபர் பார். ரூகர் 1973-ல் தன் ஒற்றை இயக்க ரிவால்வர்களில் கொண்டுவந்ததும் அந்த வழியைத்தான்.

டிரான்ஸ்ஃபர் பார் என்பது விசையோடு பிணைத்த ஒரு தட்டையான எஃகுப் பட்டை. சுத்தியலின் முகத்தில் ஒரு படி வெட்டியிருப்பார்கள். அதனால் சுத்தியல் இறங்கினாலும் துப்பாக்கியின் உலோகச் சட்டத்தில்தான் முட்டி நிற்கும், ஃபயரிங் பின்னை எட்டாது. விசையை இழுத்துப் பிடித்தால் மட்டும் அந்தப் பட்டை மேலே ஏறிச் சுத்தியலுக்கும் பின்னுக்கும் நடுவே வந்து நின்று அடியைக் கடத்தும். விரல் விசையில் இல்லையென்றால் பட்டை கீழே, நடுவில் வெறும் இடைவெளி. கீழே விழுந்தாலும் அடி போய்ச் சேர வழியில்லை.

உங்களுடையது பழையதா, புதிதா என்று பார்ப்பது எளிது. சட்டத்தின் பக்கவாட்டில் மூன்று திருகாணி தெரிந்தால் பழைய மாடல். இரண்டு ஊசி தெரிந்தால் 1973-க்குப் பிந்தையது. ரசீது 1968 என்பதால் மூன்றுதான் இருக்கும். ஆனால் உங்கள் மாமனாரே எப்போதோ அனுப்பி மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு; வெளித்திருகாணி அப்படியேதான் இருக்கும். மெக்கானிக் வரும்போது, சுத்தியலை இழுத்து, முகத்தில் படி இருக்கிறதா, விசையோடு பட்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

1953-லிருந்து 1972 வரை செய்த இந்தப் பழைய ஒற்றை இயக்க ரிவால்வர்களுக்குக் கம்பெனியே தொழிற்சாலையில் மாற்றுப் பாகங்களைப் பொருத்தித் தருகிறது. காசு வாங்குவதில்லை. நான் உங்கள் கணவரிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அடுத்தது: கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் துப்பாக்கியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா கை பட்ட சுத்தியல், அப்பா விரல் வைத்த விசை எதுவும் போகாது. சட்டத்தையோ குழலையோ அறுப்பதில்லை. பிற்காலத்தில் யாராவது அதைப் பழைய நிலைக்கே கொண்டுவர நினைத்தாலும் பாகங்கள் கையில் இருக்கும்.

மதிப்பைப் பற்றி. சேகரிப்பவர்கள் மாற்றாததற்கே அதிகம் கொடுப்பார்கள் என்பது உண்மை. பாகங்கள் கூடவே இருந்தால் இழப்புக் குறைவு. பை தொலைந்துவிட்டால்தான் நிஜமான இழப்பு. சில பழைய வகைகளில் நானே தயங்குவேன். பிளாக்ஹாக்கிலேயே 1955-ல் தொடங்கி 60-களின் ஆரம்பம்வரை வந்த ஃபிளாட்டாப், அதாவது சட்டத்தின் மேற்பக்கம் தட்டையாக இருப்பது, சேகரிப்பவர்கள் தேடுகிற வகை. அப்படி ஒன்று, உபயோகிக்காமல் பெட்டியோடு இருந்தால், மாற்றாமல் தோட்டாவே போடாமல் பூட்டி வைக்கச் சொல்லுவேன். உங்களுடையது 1968. கைப்பிடியின் அடியில் மரம் தேய்ந்திருக்கிறது என்றும், குழல் முனையில் கருநீலம் போய் வெள்ளி தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உறையில் ஏறி இறங்கிய தேய்மானம் அது. அவர் அதை அலமாரியில் வைத்துப் பார்க்க வாங்கவில்லை.

ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. மாற்றிய பிறகு விசையின் இழுவை முன்போல இருக்காது. பழைய விசை கண்ணாடி உடைவதுபோலச் சட்டென்று விடும் என்று புகழ்வார்கள். மாற்றியதில் கொஞ்சம் இழுபறி தெரியும். குறி பார்த்துச் சுடுகிறவர்கள் இதற்காகவே மாற்றாமல் வைத்துக்கொண்டு, கண்டிப்பாக ஐந்து மட்டும் போடுகிறார்கள். அது தப்பில்லை. உங்கள் மாமனாரும் அப்படித்தான் காலமெல்லாம் வைத்திருந்திருப்பார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவரிடமிருந்து துப்பாக்கி வந்தது. ரசீது வந்தது, டப்பா வந்தது. பழக்கம் வரவில்லை. டப்பாவில் ஐந்தைப் பார்த்து "ஒன்று எங்கே?" என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. உங்கள் மகன் நாளைக்குப் பயிற்சித் திடலுக்குப் போனால் கை தானாக ஆறாவதைத்தான் தேடும். அவனிடமிருந்து அவன் நண்பன் வாங்குவான். அவனுக்கு இந்தக் கதையே தெரியாது. அதனால் என் தீர்ப்பு: அனுப்பி மாற்றிவிடுங்கள். சுடப்போகிற துப்பாக்கி என்பதால் சொல்கிறேன். யாரும் சுடப்போவதில்லை என்றிருந்தால், காலி செய்து பூட்டினாலே போதும் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

அனுப்புமுன் கம்பெனியிடம் பேசி, அவர்கள் சொல்லும் முறைப்படியே அனுப்புங்கள். துப்பாக்கி காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகுதான் பெட்டியை ஒட்ட வேண்டும். மாற்றுப் பாகங்களை அவர்கள் தனியே விற்பதில்லை, தொழிற்சாலையில்தான் பொருத்துவார்கள். "நானே செய்து தருகிறேன், காடியைக் கொஞ்சம் ராவினால் போதும்" என்று சொல்லும் எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அரம் பட்ட காடி முன்னைவிட மோசம்.

திரும்பி வந்ததும் பாகங்களின் பையைத் திறக்காமல், வரிசை எண்ணையும் தேதியையும் எழுதிய ஒரு சீட்டை அதோடு சேர்த்து அந்த ரசீதுப் பெட்டியிலேயே வையுங்கள். தோட்டாக்களை வேறு இடத்தில் பூட்டுங்கள். டப்பாவில் இருக்கும் ஐந்தையும் மகன் சுட வேண்டாம். எத்தனை வருஷப் பழசோ. அவற்றை என்ன செய்யலாம் என்று மெக்கானிக்கிடமே கேளுங்கள். காலி டப்பாவை உங்கள் கணவரிடம் கொடுங்கள். மாற்றிய பிறகும் மகனுக்கு ஐந்து போட்டே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அவசியமில்லைதான். தாத்தா செய்தது அது.

கேள்வி: என் தாத்தா வைத்திருந்த வெப்லி மார்க் 6 ரிவால்வர், முதல் உலகப் போர்க் காலத்தது. உரிமப் பத்திரம் எல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருப்பதால் குழலுக்குள் ஈயம் ஊற்றியோ வெல்டிங் வைத்தோ செயலிழக்கச் செய்து காட்சிக்கு வைக்கலாமா?
– வாசகர்

பதில்: உங்கள் பயத்துக்கு நான் தலைவணங்குகிறேன், ஆனால் வெல்டிங்கை உடனே வைத்துவிடாதீர்கள். துப்பாக்கியைச் செயலிழக்கச் செய்வதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வகுத்த முறை உண்டு. அதன்படி செய்து சான்று வாங்காவிட்டால், குழலை அடைத்தும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியாகவே இருக்கும். உரிமம் கொடுத்த அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். அதுவரை காலி செய்து, நடுவே மடித்துத் திறந்த நிலையில் குழல் வழியாகக் கம்பிப் பூட்டு ஒன்றைக் கோத்து, அலமாரியில் பூட்டுங்கள். திறந்து கிடக்கும் வெப்லி சுடாது. பூட்டைக் கழற்றினால் ஒரு கீறலும் இருக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். இந்த ரிவால்வர் 455 தோட்டாவுக்காகச் செய்தது. பிற்காலத்தில் நிறைய வெப்லிகளின் உருளையைப் பின்பக்கம் சீவி, பிறை வடிவத் தகடான பிறைக் கிளிப்பில் 45 ஏசிபி என்ற வேறு வகைத் தோட்டா போடும்படி மாற்றி விற்றார்கள். ஏசிபியின் அழுத்தம் 455-ஐவிட நன்றாகவே அதிகம். அந்த உருளைக்கு அது தாங்காது. சுடும் வசதிக்காகச் செய்த மாற்றம், சுடுகிறவர் கையிலேயே பிளக்கும் அபாயத்தைக் கொண்டுவந்துவிட்டது. உங்களுடையது சீவப்பட்டதா என்று ஒருவரிடம் காட்டி, அதை ஒரு சீட்டில் எழுதித் துப்பாக்கியோடு கட்டி வையுங்கள். உங்கள் பேரனுக்கு அது தெரிய வேண்டும்.

கேள்வி: அப்பாவின் ரிவால்வரை அவர் வைத்திருந்த தோல் உறையிலேயே வைத்திருக்கிறேன். துரு லேசாகத் தெரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாகக் கருநீலம் ஏற்றிவிடலாமா?
– வாசகர்

பதில்: முதலில் உறையிலிருந்து வெளியே எடுங்கள், துரு வந்ததே அதனால்தான். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்பும் அமிலமும் அதில் தங்கியிருக்கும். உறையைத் தனியாக வையுங்கள், துப்பாக்கியைத் தனியாக வையுங்கள்.

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பழகும் காலத்தில் ஒரு குடும்பத்தின் பழைய ரிவால்வரை நான் அப்படித் தேய்த்திருக்கிறேன். பளபளவென்று வந்தது, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் வாங்கி, குழலின் இடப்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அங்கே அவர் அப்பா ஊசியால் கீறியிருந்த இரண்டு எழுத்து இருந்ததாம். துரு என்று நினைத்து நான் தேய்த்தெடுத்தது அதைத்தான். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கூலியையும் கொடுத்தார்.

மெல்லிய எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் மேலாக, அழுத்தாமல் துடையுங்கள். துரு வரும், அடியில் இருக்கும் கருநீலம் பெரும்பாலும் நிற்கும். எழுத்து, எண், முத்திரை இருக்கும் இடங்களில் பஞ்சும் வேண்டாம், துணி போதும்.